காதிலே புகுந்த தெள்ளு

பிரெஞ்சு மொழியிலே ஒரு மரபுத்தொடர் உண்டு. ஒருவருடைய மனத்திலே சந்தேகம் விழும்படி எவரேனும் எதையாவது சொல்லிவிட்டால், 'காதிலே தெள்ளை விட்டுவிட்டார்' என்பார்கள். நாய், பூனைகளின் உடம்பில் ஊருமே, அதே தெள்ளுத்தான். அது காலிலே கடித்தால் சொறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். காதுக்குள்ளே புகுந்துவிட்டால் நிலைமை வேறு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு எட்டாது, படுக்க விடாது. பழைய பிரெஞ்சிலே இத்தொடர் காதல் வேட்கையால் நிலைகொள்ளாது தவிப்பதையே குறித்தது. பின்னாளிலேதான் அது சந்தேகத்தைச் சுட்டும் தொடராயிற்று. வேட்கைக்கும் சந்தேகத்துக்கும் ஒரே தொடரைப் பயன்படுத்திய மக்கள் மனித மனத்தை நன்கு அறிந்தவர்கள் என்றே சொல்லவேண்டும்.

நேயர்களே, இத்தொடரையே தலைப்பாகக் கொண்ட ஒரு நாடகத்தைத்தான் இன்று அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன். 'காதிலே தெள்ளு' என்னும் மூன்றங்க நாடகம் 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி பாரிஸ் நகரின் நூவோத்தே அரங்கிலே முதன்முதலாக மேடையேறியது. ஆசிரியர் ஜோர்ஜ் ஃபெய்டோ. கணவன் மனைவியரிடையே எழும் சந்தேகம், ஆள் மாறாட்டம், ஒரு மர்ம ஹோட்டல், ஓயாமல் திறந்து மூடும் கதவுகள் என்பனவே இந்நாடகத்தின் சரக்கு. உலகின் சிறந்த கேலிக்கூத்து எது என்று கேட்டால் இதன் பெயரைச் சொல்வோர் பலர் உளர்.

கேலிக்கூத்து என்றவுடன் நம்மிலே பலருக்கு ஓர் அலட்சியம் வந்துவிடுகிறது. உயர்தர வகுப்பிலே இந்நாடகத்தின் கதையை ஒருநாள் சொன்னேன். மாணவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பின்னர் ஒரு மாணவன் எழுந்து, "சேர், இதிலை குறிப்பெடுக்க என்ன இருக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. துன்பியல் நாடகமென்றால் விதி, வீழ்ச்சி, அவலம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்கலாம். சிரித்து முடித்த நாடகத்திலே எதை எழுதுவது? அந்த மாணவனுக்குச் சொன்ன விடையைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்லப்போகிறேன்.

முதலிலே பெயரைப் பார்ப்போம். இவ்வகை நாடகத்தைப் பிரெஞ்சுக்காரர் 'ஃபார்ஸ்' என்பர். அடைத்தல், திணித்தல் என்ற பொருளுடைய வினைச்சொல்லின் அடியாகப் பிறந்தது இது. கோழியின் வயிற்றிலே மசாலையை அடைத்துச் சமைப்பதற்கும் அவர்களிடம் அதே சொல்தான். மத்திய காலத்திலே சமய நாடகங்களின் இடையிடையே, சனங்கள் களைத்துப் போகாதிருக்கும்பொருட்டு, சிரிப்புத் துணுக்குகளைத் திணித்தார்கள். அவை பின்னர் தனி நாடகங்களாக வளர்ந்தன. வடமொழி மரபிலே இதற்கு நெருங்கிய வகை பிரகசனம் எனப்படும். ஏழாம் நூற்றாண்டிலே மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' இலக்கிய அன்பர்கள் அறிந்ததே. ஆகவே இது நேற்று முளைத்த வகையன்று. பேரரசனே எழுதிப் பார்த்த வகை.

இனி ஆசிரியரைப் பற்றி. ஜோர்ஜ் ஃபெய்டோ 1862 டிசெம்பர் 8ஆந் திகதி பாரிஸிலே பிறந்தவர். தந்தையார் ஏர்னெஸ்ட் ஃபெய்டோ, நாவலாசிரியர்; ஃப்ளோபேரின் நண்பர். மகனுக்கு இளமையிலேயே நாடகப் பைத்தியம். 1886இலே ஒரு நாடகம் வெற்றி பெற்றது. அதன்பின் எழுதியவை தொடர்ந்து தோற்றன. மற்றொருவராயின் பேனாவை வைத்திருப்பார். ஃபெய்டோ செய்தது வேறு. தமக்கு முன்னே இத்துறையிலே வெற்றிபெற்ற லபீஷ், ஹென்கன், மெய்யாக் முதலியோரின் நாடகங்களை எடுத்து, மணிக்கூடு திருத்துபவன் ஒவ்வொரு சில்லாகக் கழற்றிப் பார்ப்பதுபோல ஆராய்ந்தார். 1892இலே மீண்டும் மேடைக்கு வந்தார். அடுத்த பதினைந்து, பதினாறு ஆண்டுகள் பாரிஸின் சிரிப்பு அவர் கையிலே இருந்தது எனலாம்.

அவருடைய தொழில் இரகசியத்தை அவரே கூறியிருக்கிறார். எந்த இரண்டு பேர் எக்காரணங்கொண்டும் சந்திக்கக்கூடாதோ, அந்த இருவரையும் இயன்றளவு விரைவிலே நேருக்கு நேர் நிறுத்திவிடுவதே அது. கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தச் சந்திப்பு ஆசிரியர் வலிந்து செய்ததாகத் தோன்றாமல், தவிர்க்கமுடியாதபடி நிகழவேண்டும். அங்கேதான் அவருடைய திறமை இருக்கிறது. அதைக் காண்பதற்குக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஷான்தபீஸ் என்பவர் பாரிஸிலே ஓர் அமெரிக்க ஆயுட்காப்புறுதிக் கம்பனியின் பணிப்பாளர். கண்ணியமானவர், மனைவி ரேமோன்ட்மீது பற்றுள்ளவர். பல ஆண்டுகள் அன்பு மழை பொழிந்த அந்தக் கணவர் சில காலமாகப் படுக்கையறையிலே வெறுமனே உறங்குகிறார். காரணம் உடலுமன்று, மனத்திலே அன்பு குறைந்ததுமன்று. ஒருநாள் இயலாமற் போயிற்று. மறுநாளும் இயலாமற் போகுமோ என்று அஞ்சினார். அந்த அச்சமே இயலாமையை நிரந்தரமாக்கிவிட்டது. இதை அவர் டொக்டர் ஃபினாஷிடம் சொல்கிறார். மனைவியிடம் சொல்லவில்லை.

இந்த நேரத்திலே ஒரு பார்சல் வீட்டுக்கு வருகிறது. ரேமோன்ட் பிரிக்கிறாள். உள்ளே, காற்சட்டை நழுவாமல் தோளிலே மாட்டும் தோள்வார்கள். கணவருடையவை. அனுப்பியது பாரிஸின் புறத்தேயுள்ள 'மினே கலான்' என்னும் ஹோட்டல். 'காதற் பூனைக்குட்டி' என்று தமிழிலே சொல்லலாம். பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது. கணவர் தோள்வாரைக் கழற்றி மறந்து வரும் இடமா அது? தெள்ளு காதுக்குள் புகுந்துவிட்டது.

உண்மை என்னவெனில், டொக்டர் அவருடைய உடல்நலத்துக்கெனப் புதுவகை அமெரிக்கத் தோள்வார்களை அணியச் சொன்னார். பழையவற்றை ஷான்தபீஸ் தம்முடன் இருக்கும் உறவுக்கார இளைஞன் கமீயிடம் கொடுத்துவிட்டார். ஹோட்டலிலே மறந்து வந்தவன் கமீய். நோய்க்குச் செய்த வைத்தியமே சந்தேகத்துக்குச் சாட்சியாயிற்று.

ரேமோன்ட் தன் தோழி லூசியெனை அழைக்கிறாள். கணவனைச் சோதிக்க ஒரு திட்டம். நாடக அரங்கிலே அவரைக் கண்டு மையல்கொண்ட முகந்தெரியாப் பெண்ணொருத்தி எழுதுவதுபோல ஒரு வாசனைக் கடிதம். அதே ஹோட்டலுக்கு வரும்படி அழைப்பு. தன் கையெழுத்தைக் கணவர் அறிவார் என்பதால் லூசியெனையே எழுதச் செய்கிறாள். கடிதத்தைப் படித்த ஷான்தபீஸ், தம்மை ஒருத்தி விரும்புவாள் என்று நம்பவில்லை. அன்று அரங்கிலே கூட இருந்த அழகன் தூர்னெலுக்கு எழுதப்பட்டது என்று முடிவுசெய்து, தமக்குப் பதிலாக அவனையே போகச் சொல்கிறார். அத்துடன் விட்டாரா? ஆனந்தத்தோடு கடிதத்தை இன்னொருவருக்கும் காட்டுகிறார். அவர் ஹிஸ்தாங்குவா என்னும் ஸ்பானியர், எரிமலைபோற் பொறாமைக்காரர், லூசியெனின் கணவர். கையெழுத்தைக் கண்டதும் கைத்துப்பாக்கியை உருவுகிறார்.

முதலாம் அங்கம் இவ்வாறு முடிகிறது. இதுவரை எவரும் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதை நேயர்கள் மனங்கொள்ளவேண்டும். எல்லாரும் ஒன்றைப் பார்த்தார்கள், அதற்கு இயல்பான பொருளைக் கொண்டார்கள், அதன்படி நடந்தார்கள். ஆயினும் ஒரு கொலைக்கு வேண்டிய ஆயத்தங்கள் யாவும் முடிந்துவிட்டன.

இரண்டாம் அங்கம் ஹோட்டலிலே நிகழ்கிறது. அது இருக்கும் ஊரின் பெயர் மொந்தரத்தூ. உண்மையிலே பாரிஸுக்கு அருகேயுள்ள ஊர்தான். பெயரைப் பிரித்துப் பொருள் கொண்டால் 'எல்லாவற்றையும் காட்டு' என்றாகும். ஒளிக்கவருபவர்களுக்கு எவ்வளவு பொருத்தமான ஊர்! மேடையிலே ஓர் அறை. அதிலே ஒரு கட்டில். சுவரிலே ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டிலும் சுவரும் சேர்ந்து சுழன்று அடுத்த அறைக்குப் போய்விடும். அங்கேயுள்ள கட்டில் இங்கே வந்துவிடும். அக்கட்டிலிலே வாதநோயால் முனகும் ஒரு கிழவர். இதற்கென்றே ஹோட்டல்காரர் அவரைப் படுக்கவைத்திருக்கிறார். பொலிஸார் வந்து கதவைத் தட்டினால் பொத்தானை அழுத்தவேண்டியதுதான். காதலர் மறைவர், நோயாளி தோன்றுவார்.

இந்தக் கட்டில் வெறும் வேடிக்கைப் பொருள் அன்று. அதைப் புரிந்துகொள்ள அக்காலத்துச் சட்டத்தைச் சற்று அறியவேண்டும். நெப்போலியன் காலத்திலே, 1810இலே இயற்றப்பட்ட பிரெஞ்சுத் தண்டனைச் சட்டக்கோவை ஃபெய்டோவின் காலத்திலும் நடைமுறையில் இருந்தது. அதன்படி சோரம்போன மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவன் அதே குற்றத்தைச் செய்தால்? வைப்பாட்டியைத் தம்பதியர் வாழும் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மாத்திரம் தண்டனை. அதுவும் நூறு முதல் இரண்டாயிரம் பிராங் வரை தண்டப்பணம். மனைவியையும் காதலனையும் தன் வீட்டிலே கையும் களவுமாகக் கண்டு கணவன் கொன்றுவிட்டால், அந்தக் கொலை மன்னிக்கத்தக்கதென்று சட்டமே கூறியது. இந்தப் பிரிவுகள் 1975இலேதான் நீக்கப்பட்டன.

1816இலே ஒழிக்கப்பட்ட விவாகரத்தும் 1884இலே மீண்டும் சட்டமாயிற்று. சோரத்தைக் காட்டி மணமுறிவு கோருவதற்குச் சாட்சியம் வேண்டும். பொலிஸ் அதிகாரியை அழைத்துச் சென்று கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்களைப் பதிவுசெய்வது வழக்கமாயிற்று. ஃபெய்டோவின் அரங்கிலே கதவு தட்டப்படும்போது சபையோர் சிரித்தது எதற்கென்று இப்போது விளங்கும். தட்டும் கை எதைக் கொண்டுவரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஸ்பானியக் கணவரின் கைத்துப்பாக்கியும் வெறும் மேடைப்பொருள் அன்று. அது சட்டத்தின் அரைகுறை அனுமதி பெற்ற துப்பாக்கி.

கதைக்கு வருவோம். கணவனைப் பிடிக்க வந்த ரேமோன்ட் அறையிலே தூர்னெலைக் காண்கிறாள். எச்சரிக்கை செய்ய ஷான்தபீஸும் ஓடி வருகிறார். ஊரெல்லாம் தனக்குத் தெரிந்த இடம் இதுதான் என்பதுபோலக் கமீயும், வீட்டுச் சமையற்காரியும், அவளுடைய கணவனான வேலைக்காரன் எத்தியெனும் ஆளுக்கொரு காரணத்தோடு வந்து சேர்கிறார்கள். கடைசியாகத் துப்பாக்கியோடு ஸ்பானியர். இவையனைத்துக்கும் மேலாக, அந்த ஹோட்டலிலே போஷ் என்று ஒரு கூலியாள். குடிகாரன், விறகு சுமப்பவன். முகத்திலே, உயரத்திலே ஷான்தபீஸை அப்படியே உரித்து வைத்தவன். இருவருக்கும் எந்த உறவுமில்லை. இரண்டு வேடங்களையும் ஒரே நடிகரே ஏற்கவேண்டும் என்பது நாடகத்தின் விதி.

இனி நடப்பதைப் பாருங்கள். ரேமோன்டும் தூர்னெலும் போஷின் முன்னே விழுந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். சீமாட்டி ஒருத்தி ஏன் தன் காலிலே விழுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது; முத்தம் கிடைத்தால் மறுக்கவுமில்லை. மறுபுறத்திலே, ஹோட்டல்காரர் ஃபெராயோன் முன்னாள் இராணுவச் சார்ஜன். தம் கூலியாளை உதைத்தே வேலை வாங்குபவர். அவர் ஷான்தபீஸைக் கண்டு போஷ் என்று எண்ணுகிறார். குடித்துவிட்டுப் பெரிய மனிதரின் உடுப்பைப் போட்டிருக்கிறாய் என்று உதைத்து, அந்த உடுப்பைக் கழற்றச் செய்து, கூலியாளின் சட்டையை மாட்டிவிடுகிறார். கம்பனிப் பணிப்பாளர் எத்தனை முறை தம் பெயரைச் சொன்னாலும் விடை ஒன்றே: இன்னோர் உதை.

இவ்விடத்திலேதான் ஆள் மாறாட்டம் வெறும் சிரிப்பு உத்தி என்ற நிலையைக் கடக்கிறது. முகம் ஒன்றே. குரலும் ஒன்றே. மேலே கிடக்கும் சட்டை மாறியவுடன் ஒருவனுக்கு வணக்கம், மற்றவனுக்கு உதை. பிளௌட்டஸ் என்னும் பழைய உரோம நாடகாசிரியரும், அவரைப் பின்பற்றிச் சேக்ஸ்பியரும் இரட்டையரை வைத்து இவ்வகை நாடகம் எழுதினர். அங்கே ஒத்த இருவரும் உடன்பிறந்தவர்கள். முடிவிலே கட்டித் தழுவுவார்கள். ஃபெய்டோ அந்த ஆறுதலைத் தரவில்லை. ஒருவர் முதலாளி, ஒருவன் கூலியாள். வேறுபாடு சட்டையிலே இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டு, எந்த விளக்கமும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். போஷ் தினந்தோறும் உதை வாங்குவதைப் பார்த்து நாம் சிரித்தோம். ஷான்தபீஸ் அதே உதையை வாங்கும்போதுதான் அது அநியாயம் என்று நமக்குப் படுகிறது. இதை மாணவர்களிடம் சொன்னபோது வகுப்பு சற்று அமைதியாயிற்று.

மற்றொரு பாத்திரம் கமீய். அவன் பிறவியிலே அண்ணம் பிளந்தவன். மெய்யெழுத்துகள் வாயிலே வரமாட்டா. உயிரெழுத்துகள் மாத்திரமே வரும். டொக்டர் அவனுக்கு வெள்ளியிலே ஓர் அண்ணம் செய்து கொடுக்கிறார். அதை மாட்டியதும் தெளிவாகப் பேசுகிறான். ஹோட்டலிலே அது தொலைந்துவிடுகிறது. மூன்றாம் அங்கத்திலே எல்லாரும் வீட்டுக்கு ஓடிவந்து குழம்பி நிற்கையில், ஷான்தபீஸ் இரண்டு பேராகத் தோன்றுவதைக் கண்டு சொல்ல வருபவன் இந்தக் கமீய்தான். சொல்கிறான், எவருக்கும் விளங்கவில்லை. உண்மையை அறிந்தவனுக்கு மெய்யெழுத்து இல்லை. மெய் என்ற சொல்லுக்குத் தமிழிலே உண்மை என்றும் பொருள் இருப்பதால், நமக்கு இக்காட்சி பிரெஞ்சுக்காரருக்குக் கிடைக்காத ஒரு சுவையையும் தருகிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பிறவிக் குறைபாட்டை வைத்துச் சிரிக்கவைப்பது இன்று நமக்கு உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். அந்நியனான ஸ்பானியரின் கொச்சைப் பிரெஞ்சும் அப்படியே. அந்த மேடையின் பழக்கம் அது என்று சமாதானம் கூறிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. நல்ல நடிகர் ஒருவர் கமீயின் தவிப்பைச் சபையோருக்கு உணர்த்திவிட்டால், சிரிப்பு அவன்மீது விழாமல், அவன் சொல்வதைக் கேட்கப் பொறுமையற்றவர்கள்மீது விழும். அது நெறியாளரின் பொறுப்பு.

மூன்றாம் அங்கத்திலே சிக்கல் அவிழ்கிறது. தம் கட்டிலிலே தாமே படுத்திருப்பதைக் கண்டு ஷான்தபீஸ் தமக்குப் பைத்தியமோ என்று அஞ்சுகிறார். கமீயின் வெள்ளி அண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஃபெராயோன், அவருடைய சொந்த வீட்டிலேயே அவரை மீண்டும் உதைக்கிறார். ஸ்பானியர் ரேமோன்டின் எழுதுமேசையிலே அதே கடிதத்தின் முதற்படியைக் காண்கிறார். அது ரேமோன்டின் கையெழுத்து. எனவே தம் மனைவி பிறருக்காகப் படியெடுத்து எழுதினாள் என்பது விளங்குகிறது. துப்பாக்கி பைக்குள் போகிறது. தோள்வாரின் கதையும் வெளியாகிறது. கணவர் மனைவியிடம், அந்தத் தெள்ளை இன்றிரவே கொன்றுவிடுவேன், குறைந்தது முயன்றாவது பார்ப்பேன் என்ற கருத்துப்படச் சொல்ல, திரை விழுகிறது.

இப்போது கணக்குப் பார்ப்போம். சோரத்தைப் பற்றிய புகழ்பெற்ற நாடகம் என்கிறோம். சோரம் செய்தவர் யார்? ஷான்தபீஸ் செய்யவில்லை. லூசியென் செய்யவில்லை. ரேமோன்டும் செய்யவில்லை. தூர்னெலோடு பழக அவள் முன்னர் எண்ணியிருந்தாள் என்பது உண்மை; கணவன் தன்னை ஏமாற்றுகிறான் என்ற ஐயம் வந்தவுடன், தான் ஏமாற்றலாம், அவர் ஏமாற்றக்கூடாது என்று பொங்கி எழுகிறாள். மனித மனத்தின் இந்தத் தராசை ஃபெய்டோ ஒரு வசனத்திலே பிடித்துவிடுகிறார். உண்மையிலே சோரம் செய்தவர்கள் இருவர்தாம்: கமீயும், எத்தியெனின் மனைவியான சமையற்காரியும். அவர்களை எவரும் சந்தேகிக்கவேயில்லை. எத்தியென் அவளை ஹோட்டலிலே கண்ணாலே கண்டும், வீட்டுக்கு வந்தபின் அது தன் பிரமை என்று நம்பவைக்கப்படுகிறான். குற்றமற்றவர்கள் துப்பாக்கிக்கு முன்னே ஓடுகிறார்கள். குற்றவாளிகள் சுகமாக இருக்கிறார்கள்.

இந்த அமைப்பு ஃபெய்டோவோடு தொடங்கியதன்று. 1660இலே மொலியேர் எழுதிய 'ஸ்கனரேல்' என்னும் சிறு நாடகத்திலே, கீழே விழுந்த ஓர் உருவப்படத்தைக் கண்டு கணவனும் மனைவியும் காதலரும் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். அங்கேயும் எவரும் துரோகஞ் செய்யவில்லை. 1784இலே மேடையேறிய போமார்ஷேயின் 'ஃபிகாரோவின் திருமணம்' நாடகத்திலே, கணவனைப் பிடிக்க மனைவி சொல்லச் சொல்லத் தோழிப்பெண் காதற் கடிதம் எழுதுகிறாள். ரேமோன்டின் திட்டம் அங்கேயே இருக்கிறது. ஃபெய்டோ மரபிலே வந்த கருவிகளை எடுத்து, அவற்றுக்கு இயந்திரத்தின் வேகத்தைக் கொடுத்தார்.

இயந்திரம் என்றது உவமைக்காக மாத்திரமன்று. ஃபெய்டோ தம் பிரதிகளிலே ஒவ்வொரு கதவும் எங்கே, ஒவ்வொரு நடிகரும் எப்பக்கம், எந்த வசனத்தின்போது நகர்வது என்று நுணுக்கமாகக் குறித்து வைத்தவர். ஷான்தபீஸ் ஒரு கதவால் வெளியேறி, போஷாக மறுகதவால் நுழையவேண்டும். உடை மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரத்துக்கு மேடையிலே பிறர் பேசவேண்டும். அந்தப் பேச்சும் கதைக்கு அவசியமானதாக இருக்கவேண்டும். ஒரு நொடி பிந்தினால் நாடகம் படுத்துவிடும். மெய்யியலாளர் பேர்க்சன் 1900இலே நூலாக வெளியிட்ட 'சிரிப்பு' என்னும் ஆய்விலே, உயிருள்ள மனிதன்மீது இயந்திரத் தன்மை படியும்போது சிரிப்பு பிறக்கிறது என்றார். உருள உருளப் பெருக்கும் பனியுருண்டையை ஓர் உதாரணமாகவும் காட்டினார். தோள்வாரிலே தொடங்கித் துப்பாக்கிச் சூட்டிலே முடியும் ஃபெய்டோவின் நாடகம் அந்தப் பனியுருண்டையேதான்.

என் மாணவனின் கேள்விக்கு இனி விடை கூறலாம். 'ஒதெல்லோ'விலே ஒரு கைக்குட்டை. அதைத் தவறாகப் படித்த கணவன் மனைவியைக் கொன்றான். சிலப்பதிகாரத்திலே ஒரு சிலம்பு. அதைத் தவறாகப் படித்த அரசன் கோவலனைக் கொல்வித்தான். இங்கே ஒரு சோடித் தோள்வார். மூன்றும் ஒரே வகைச் சாட்சியம். மூன்றையும் பார்த்தவர்கள் கேட்கவேண்டியவரிடம் நேரே கேட்கவில்லை. முதலிரண்டிலே குறி தப்பவில்லை, மூன்றாவதிலே தப்பிவிட்டது. துன்பியலுக்கும் கேலிக்கூத்துக்கும் இடையேயுள்ள தூரம் அவ்வளவுதான். கட்டில் சுழன்றதால் ஒருவர் பிழைத்தார். கட்டில் சுழலாத வீடுகளும் உண்டு என்பதை அக்காலப் பாரிஸ் மக்கள் நன்கு அறிவர். அவர்கள் சிரித்த சிரிப்பிலே ஓர் ஆறுதற் பெருமூச்சும் கலந்திருக்கும்.

ஃபெய்டோவின் சொந்த வாழ்க்கையிலே அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. ஓவியர் கரோலுஸ் டூரானின் மகளை 1889இலே மணந்தவர், 1909இலே வீட்டை விட்டு வெளியேறிச் சென் லசார் புகையிரத நிலையத்தின் அருகேயுள்ள ஹோட்டல் ஒன்றிலே பத்தாண்டுகள் போலத் தனித்து வாழ்ந்தார். 1916இலே மணமுறிவு. இறுதிக் காலத்திலே சித்தம் கலங்கி, 1921 ஜூன் 5ஆந் திகதி பாரிஸின் அருகே ஒரு மருத்துவ நிலையத்திலே காலமானார். வெறும் கேளிக்கை எழுத்தாளர் என்று ஒதுக்கப்பட்ட அவரைப் பிரெஞ்சு நாட்டின் முதன்மை அரங்கான கொமெதி ஃபிரான்சேஸ் 1941இலேதான் தன் மேடைக்கு அழைத்தது. 'காதிலே தெள்ளு' 1966இலே இலண்டன் தேசிய அரங்கிலே ஜோன் மோர்ட்டிமரின் ஆங்கில மொழிபெயர்ப்பிலே, அல்பேர்ட் ஃபினி இரட்டை வேடமேற்க, பெருவெற்றி பெற்றது. நான் படித்ததும் அந்த ஆங்கில வடிவத்தையே. அதன்பின் உலகின் பல மொழிகளிலே அது சலிக்காமல் ஆடப்பட்டு வருகிறது.

ரேமோன்ட் அந்தப் பார்சலைப் பிரித்தவுடன், "இது எப்படி அங்கே போயிற்று?" என்று கணவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாடகமே இல்லை. ஷான்தபீஸ் டொக்டரிடம் சொன்னதை மனைவியிடம் சொல்லியிருந்தாலும் நாடகமில்லை. வெட்கம் ஒருவர் வாயைக் கட்டியது. மானம் மற்றவர் வாயைக் கட்டியது. இடையிலே தெள்ளு புகுந்தது. மூன்று அங்கம் ஓடி, உதைபட்டு, சுடப்பட்டு, கடைசியிலே அவர்கள் வந்து சேர்ந்த இடம் முதல் நாளே இருந்து பேசியிருக்கக்கூடிய அதே அறைதான். வயிறு குலுங்கச் சிரித்து முடித்தபின் இந்த எண்ணம் நம்மோடு வீடுவரை வருமாயின், அந்தக் கேலிக்கூத்திலே குறிப்பெடுக்க நிறையவே இருக்கிறது.